ஆறடி இடைவெளி: வரிசையில் நிற்பதன் சிறு வரலாறு

தூத்துக்குடியில் இருந்து எட்டயபுரம் வழியாக மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் உளுந்தும் பாசியும் பருத்தியும் விளையும், பெய்யாவிட்டால் கருவேலம்தான். இந்த ஊரில் தீம் பார்க் கிடையாது. கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு தீம் பார்க் என்றால் மதுரை பரவை பக்கம் இருக்கும் அதிசயம், இல்லாவிட்டால் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்கும் சென்னை. மற்றபடி கோயில் திருவிழாவோடு வந்து இறங்கும் ஜெயன்ட் வீல், கொலம்பஸ் கப்பல், டோரா டோரா, மரணக் கிணறு, டெல்லி அப்பளக் கடை. அவ்வளவுதான்.

திருவிழா ராட்டினத்துக்கும் தீம் பார்க்குக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ராட்டினத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், வரிசை நிற்காது. பெட்டி கீழே வந்ததும் யார் முதலில் பாய்கிறார்களோ அவர்களுக்கு இடம். தீம் பார்க்கில் அது நடக்காது. கம்பி கட்டி, பாம்பு போல வளைத்து வளைத்து, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். 2020-ல் கொரோனா வந்தபோது அந்த வரிசைக்குள் இன்னொரு விதியும் நுழைந்தது: முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் ஆறு அடி இடைவெளி.

அதே விதி அதற்கு முன்பே ரேஷன் கடைக்கு வந்திருந்தது. 2020 ஏப்ரலில் தமிழக அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தபோது டோக்கனில் நாளும் நேரமும் போட்டுக் கொடுத்தார்கள். கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம். வெயில் தாங்காதவர்கள் வட்டத்தில் செருப்பையோ பையையோ கல்லையோ வைத்துவிட்டு நிழலில் ஒதுங்கினார்கள். செருப்புகள் ஆறடி இடைவெளியில் நின்றன, அவற்றின் சொந்தக்காரர்கள் மர நிழலில் நெருக்கி அடித்து உட்கார்ந்தார்கள்!

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வரிசை, இடைவெளி என்ற இரண்டு சொற்களுக்கும் தமிழ்நாட்டில், அதிலும் இந்தத் தென்கோடியில், நீண்ட வரலாறு இருக்கிறது.

வரிசை என்றால் என்ன?

க்யூ என்ற சொல் பிரெஞ்சு மொழியில் இருந்து வந்தது. அங்கே அதற்கு வால் என்று பொருள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸ் ரொட்டிக் கடைகளின் முன்னால் மக்கள் வால் போல நின்றதை, 1837-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் தாமஸ் கார்லைல் ஒரு புதுமை போல எழுதியிருக்கிறார்.

தமிழில் நாம் அதற்கு வரிசை என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம். ஆனால் இந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் வேறு. வரிசை என்றால் தகுதி, மதிப்பு. யாருக்கு எவ்வளவு மரியாதை என்ற அளவு. புறநானூற்றில் கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்குச் சொல்லும் அறிவுரையே புலவர்களின் வரிசை அறிந்து கொடு என்பதுதான். இன்றும் கல்யாண வீட்டில் சீர்வரிசை என்கிறோம், தாய்மாமன் வரிசை என்கிறோம். கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, யாருக்குப் பரிவட்டம் என்பதும் இந்தப் பழைய வரிசைதான்.

அதாவது பழைய வரிசை "நீ யார்?" என்று கேட்கும். புதிய வரிசை "நீ எப்போது வந்தாய்?" என்று மட்டும் கேட்கும். முதலில் வந்தவர் முதலில் போவார், அவர் எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்பது கணக்கில் இல்லை. சாதாரண விஷயமாகத் தெரிகிறது இல்லையா? ஆனால் ஒரே சொல் ஒரு பொருளில் இருந்து நேர் எதிரான பொருளுக்கு நகர்ந்திருக்கிறது. சமூகம் அந்த அளவுக்கு நகர்ந்ததா என்பதுதான் கேள்வி.

பழைய இடைவெளி

இடைவெளி விட்டு நிற்கச் சொல்வது நம் ஊருக்குப் புதிதல்ல. யார் யாரிடம் இருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று அடிக்கணக்கு வைத்திருந்த நாடு இது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பற்றிய நூலில், மலையாள நாட்டில் எந்த சாதி எவ்வளவு தூரத்தில் வந்தால் தீட்டு என்ற விவரங்கள் உண்டு. அது எங்கோ இருக்கும் கேரளம் என்று ஒதுக்கிவிட முடியாது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது. 1924-ல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் போவதற்காக நடந்தது அல்ல. கோயிலைச் சுற்றி உள்ள பொதுச் சாலையில் நடப்பதற்காக நடந்தது. அதில் பெரியார் சிறை சென்றார்.

கரிசல் பூமியிலும் தெருவை வைத்துத்தான் சண்டை தொடங்கியது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள கழுகுமலையில் தேர் ஓடும் வீதிகளில் யார் ஊர்வலம் போகலாம் என்பதில் எட்டயபுரம் ஜமீன் தரப்புக்கும் நாடார் சமூகத்தினருக்கும் நீண்ட நாள் வழக்கு இருந்தது. 1895 ஏப்ரலில் தேர்த் திருவிழாவின்போது அது கலவரமாகி உயிர்கள் போயின. 1897-ல் கமுதியில் நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்தது வழக்காகி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கேயும் 1908-ல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. இடையில் 1899-ல் சிவகாசிக் கலவரம். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் நுழைந்த பிறகுதான் பெரிய கோயில்களின் கதவு ஒவ்வொன்றாகத் திறந்தது.

இந்த இடைவெளிக்கு மூன்று குணங்கள் உண்டு. ஒன்று, அது ஒரு பக்க இடைவெளி. ஒருவர் விலக வேண்டும், மற்றவர் நடப்பார். இரண்டு, அளவு ஆளுக்கு ஆள் மாறும். மூன்று, அதற்கு முடிவு தேதி கிடையாது. பிறந்த அன்று தொடங்கி சுடுகாடு வரை தொடரும்.

நோய் தந்த இடைவெளி

நோய்க்காகத் தள்ளி வைப்பதும் இந்தப் பகுதிக்குப் பழக்கமானதே. எப்போதும்வென்றானுக்கும் தூத்துக்குடிக்கும் அதிக தூரமில்லை. அந்தத் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகத்தான் தென் மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான ஏழைகள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். காலராவும் அம்மையும் பிளேக்கும் அவர்களோடு வந்துவிடும் என்று பயந்த இலங்கை அரசு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாம் வைத்திருந்தது. கப்பல் ஏறும் முன் தொழிலாளர்களை அங்கே நிறுத்தி மருத்துவச் சோதனை செய்தார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி பிரபலமான பிறகு அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போனது. அதே மண்டபத்தில்தான் பல பத்தாண்டுகள் கழித்து இலங்கையில் இருந்து வந்த அகதிகள் தங்கினார்கள்.

பம்பாயில் பிளேக் பரவியபோது ஆங்கில அரசு 1897-ல் கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டு வந்தது. 123 வருடம் கழித்து 2020 மார்ச்சில் மாநில அரசுகள் கையில் எடுத்ததும் அதே சட்டம்தான். 1939-ல் வந்த சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே தனி அத்தியாயம் இருக்கிறது. கூட்டம் கூடும் கேளிக்கை இடம் நோய் பரவும் இடமும் கூட என்பதை அரசு அப்போதே எழுதி வைத்துவிட்டது.

சரி, ஆறடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் கார்ல் ஃப்ளூகே 1890-களில், பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கும் எச்சில் துளிகளில் கிருமிகள் இருப்பதைக் காட்டினார். அமெரிக்காவின் வில்லியம் வெல்ஸ் 1934-ல், பெரிய துளிகள் சீக்கிரம் தரையில் விழுந்துவிடும், மிகச் சிறியவை காய்ந்து காற்றிலேயே மிதக்கும் என்று விளக்கினார். பெரிய துளி விழும் தூரத்தை ஒட்டித்தான் உலக சுகாதார நிறுவனம் ஒரு மீட்டர் என்றது, அமெரிக்கா ஆறடி என்றது, இந்தியாவும் ஆறடியை எடுத்துக்கொண்டது. மிதக்கும் சிறு துளிகளின் பங்கு முழுமையாக ஒப்புக்கொள்ளப்பட்டது பிறகுதான். 2021 மே மாதம் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் அவை பத்து மீட்டர் வரை கூடப் போகலாம் என்று அறிவித்தது. ஆக, ஆறடி என்பது மந்திரக் கோடு அல்ல. திறந்த வெளியில் அது ஓரளவு காக்கும். மூடிய அறையில் காற்றோட்டம் இல்லாவிட்டால் ஆறடி மட்டும் போதாது.

சொல்லில் வந்த சிக்கல்

2020 மார்ச்சில் சோஷியல் டிஸ்டன்சிங் என்ற சொல் வந்ததும் பத்திரிகைகள் சமூக விலகல், சமூக இடைவெளி என்று மொழிபெயர்த்தன. பலருக்கு அது உறுத்தியது. ஊர்விலக்கு என்ற சொல் இன்னும் உயிரோடு இருக்கும் நாட்டில் "சமூக விலகல் நல்லது" என்று சுவரில் எழுதினால் எப்படி இருக்கும்? மார்ச் 20 அன்று உலக சுகாதார நிறுவனமே இனி உடல் இடைவெளி என்று சொல்வோம் என்றது. தமிழிலும் தனிமனித இடைவெளி, உடல் இடைவெளி என்ற சொற்கள் மெல்ல வந்தன. சிங்கப்பூரில் அரசின் ஆங்கிலச் சொல்லே வேறாக இருந்தது; அங்கே தமிழில் பாதுகாப்பு இடைவெளி என்று எழுதினார்கள். மூன்றில் அதுதான் பொருத்தமான சொல்லாகத் தெரிகிறது. ஏன் தள்ளி நிற்கிறோம் என்ற காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது.

கேளிக்கை இடத்தில் சம உரிமை

இனி தீம் பார்க்குக்கு வருவோம். இந்திய அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாதி, மதம், இனம், பாலினம், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனையும் அங்கே தடுக்கக் கூடாது. சட்டம் எழுதியவர்களுக்கு நாடகக் கொட்டகையும் ராட்டினமும் அற்பமாகத் தெரியவில்லை. ஒன்றாக உட்கார்ந்து சிரிக்கும் இடத்தில்தான் பழைய இடைவெளி முதலில் வெளியே தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிரிவுக்குப் பல் கொடுத்த தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்தது.

அதற்கு ஆறு வாரம் கழித்து, 1955 ஜூலை 17 அன்று, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. உலகம் இன்று தீம் பார்க் என்று சொல்வதற்கு அதுதான் முன்மாதிரி. ஆனால் அதே அமெரிக்காவில் பல கேளிக்கைப் பூங்காக்களில் கறுப்பின மக்களுக்கு அனுமதி இல்லை. மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் பர்மிங்காம் சிறையில் இருந்து எழுதிய கடிதத்தில், தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்து ஃபன்டவுன் பூங்காவுக்குப் போக ஆசைப்பட்ட தன் ஆறு வயது மகளுக்கு அது ஏன் முடியாது என்று விளக்க நேரும் வேதனையைப் பற்றி எழுதினார். பால்டிமோர் அருகே இருந்த க்வின் ஓக் பூங்காவில் பல வருடம் மறியல் நடந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். கடைசியில் 1963 ஆகஸ்ட் 28 அன்று எல்லோருக்கும் கதவு திறந்தது. கிங் வாஷிங்டனில் புகழ் பெற்ற உரை நிகழ்த்திய அதே நாள்! அன்று ஷரோன் லாங்லி என்ற ஒரு வயது கூட நிரம்பாத கறுப்பினக் குழந்தை அங்கே குதிரை ராட்டினத்தில் ஏறியது. அந்த ராட்டினம் 1981-ல் வாஷிங்டனுக்குக் கொண்டு போகப்பட்டது.

நம் ஊரில் பெரிய தீம் பார்க்குகள் வந்தது பிறகுதான். தாம்பரம் அருகே கிஷ்கிந்தா 1995-ல் தொடங்கியது. டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாம் ஒரே வாசலில் நுழைந்து ஒரே வரிசையில் நின்றார்கள். ஒரே தண்ணீரில் குளித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளத்துக்கும் கிணற்றுக்கும் சாதி பார்த்த நாட்டில் செயற்கை அலைக் குளம் சாதி கேட்கவில்லை. காசு மட்டும் கேட்டது. அந்தக் காசு எல்லோரிடமும் இல்லை என்பது வேறு விஷயம். அதுவும் முக்கியமான விஷயம்தான்.

2020: கோடு போட்ட வரிசை

2020 மார்ச் நடுவில் தமிழகத்தில் திரையரங்குகளோடு கேளிக்கைப் பூங்காக்களும் மூடப்பட்டன. உலகம் முழுவதும் அதே கதை. டிஸ்னி பூங்காக்களில் முதலில் மீண்டது ஷாங்காய் டிஸ்னிலேண்ட். 2020 மே 11 அன்று திறந்தபோது வழக்கமான கொள்ளளவில் 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களையே விட்டார்கள். தரையில் நிற்க வேண்டிய இடங்களைக் குறித்திருந்தார்கள். சவாரிகளில் இடையிடையே இருக்கைகள் காலியாக ஓடின.

இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் 2020 அக்டோபர் 8 அன்று கேளிக்கைப் பூங்காக்களுக்கு என்று தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஆறடி உடல் இடைவெளி, வரிசைக்குத் தரையில் அடையாளம், உள்ளே போக ஒரு வழி வெளியே வர ஒரு வழி, வாசலில் வெப்பச் சோதனை, ஆன்லைன் டிக்கெட், நீச்சல் குளத்துக்குத் தடை. தமிழ்நாட்டில் நவம்பரில் அனுமதி கிடைத்தது.

எழுதுவது சுலபம், நிறுத்துவது கஷ்டம். சாதாரணமாக ஒருவருக்கு ஒன்றரை அடி என்று வைத்தால் நூறு பேர் 150 அடியில் நின்றுவிடலாம். ஆறடி என்றால் 600 அடி வேண்டும். இன்னொரு சிக்கல் பாம்பு வரிசை. முன்னும் பின்னும் ஆறடி விட்டாலும், வளைந்து திரும்பும் பக்கத்து வரிசையில் நிற்பவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பார். அதனால் சில பூங்காக்கள் வரிசைகளுக்கு நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு வைத்தன. ஒரே குடும்பம் ஒரே புள்ளியில் சேர்ந்து நிற்கலாம் என்றும் விதி செய்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஆறடி அந்தப் பழைய இடைவெளிக்கு எல்லா விதத்திலும் எதிரானது. இரு பக்கமும் ஒரே அளவு. முதலாளிக்கும் ஆறடி, கூலிக்காரருக்கும் ஆறடி. "உன்னால் எனக்குத் தீட்டு" என்று அது சொல்லவில்லை. "என்னிடமே நோய் இருக்கலாம், உனக்கு வர வேண்டாம்" என்றும் சேர்த்துச் சொன்னது. நோய் தணிந்ததும் கோடும் அழிந்தது.

ஆனால் நடைமுறையில் இரண்டும் கலந்துவிடும் ஆபத்து எப்போதும் இருந்தது. மருத்துவமனை ஊழியர்களை வாடகை வீட்டில் இருந்து வெளியேறச் சொன்ன செய்திகள் 2020-ல் நாடு முழுவதும் வந்தன. சுகாதாரம் என்ற பெயரில் தள்ளி வைப்பது பழைய பழக்கத்துக்குப் புதுச் சட்டை போட்டது போல ஆகிவிடும்.

கோடு அழிந்த பிறகு

கடைசியாக ஒரு சுவாரஸ்யமான விஷயம். டிஸ்னி பூங்காக்களில் 1999 முதல் ஃபாஸ்ட்பாஸ் என்ற இலவச ஏற்பாடு இருந்தது. நேரம் குறித்த சீட்டோடு வந்தால் தனி வழியில் சீக்கிரம் ஏறிவிடலாம். 2020 ஜூலையில் ஃபுளோரிடா பூங்கா மீண்டும் திறந்தபோது அதை நிறுத்தி வைத்தார்கள். காரணம், இடைவெளி விட்டு நிற்க அந்தத் தனி வழியின் இடமும் தேவைப்பட்டது. சில மாதங்களுக்கு எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். 2021 அக்டோபரில் தனி வழி திரும்பி வந்தது. இந்த முறை இலவசம் இல்லை, காசு!

இந்தியப் பூங்காக்களிலும் கூடுதல் பணம் கட்டினால் வேக வரிசை உண்டு. 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே திருப்போரூர் பக்கம் பூங்கா திறந்த வொண்டர்லா நிறுவனம் வெகு காலமாகவே ஃபாஸ்ட்ராக் என்ற பெயரில் அப்படி ஒரு டிக்கெட் விற்கிறது. கோயில்களில் இருக்கும் சிறப்பு தரிசனக் கட்டண வரிசையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது தப்பாகக் கூடத் தெரிவதில்லை.

பிறப்பை வைத்துத் தீர்மானித்த வரிசையை உடைக்க, கழுகுமலை தேர் வீதி முதல் மதுரைக் கோயில் வாசல் வரை நாற்பது வருடங்களுக்கு மேல் ஆனது. அதன் பிறகும் அரசியல் சட்டமும் தனிச் சட்டமும் தேவைப்பட்டன. "நீ எப்போது வந்தாய்?" என்று மட்டும் கேட்கும் வரிசை அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. இப்போது அதே வரிசையில் "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்ற கேள்வி சத்தமில்லாமல் நுழைந்திருக்கிறது. முன்னால் நிற்பவருக்கும் நமக்கும் இடையே எத்தனை அடி என்பதை 2020-ல் எல்லோரும் அளந்து பார்த்தோம். அந்த இடைவெளியை யார், எதற்காக வைத்தார்கள் என்பதையும் அவ்வப்போது அளந்து பார்ப்பது நல்லது.